பெருக்கத் தெரியும் என்று ஒரு சான்றிதழ்

போன மாதம் என் சித்தி மகள் பேங்குக்கு வந்தாள். தாம்பரத்துக்கு மேற்கே இருக்கிறது நான் வேலை செய்யும் கிளை. திங்கள்கிழமை, நல்ல கூட்டம். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அண்ணா, இத வச்சிக்கினு லோன் குடுப்பாங்களாண்ணா?"

திறன் இந்தியா சின்னம் போட்ட சான்றிதழ். அவள் பெயர், ஆதார் போட்டோ. துப்புரவுத் தொழிலாளியாக வேலை செய்யும் தகுதி பெற்றவர் என்று அச்சடித்திருந்தது.

அவளுக்கு வயது 34. பதினோரு வருசமாகத் தெருப் பெருக்குகிறாள். அவள் அம்மா, என் சித்தி, சாகும்வரை பெருக்கினாள்.

"உனக்குப் பெருக்கத் தெரியும்னு இப்பத்தான் கண்டுபுடிச்சாங்களா?" என்றேன்.

சிரித்தாள். "ரெண்டு நாளு கிளாஸ் எடுத்தாங்கண்ணா. சாப்பாடு போட்டாங்க. போட்டோ புடிச்சாங்க. எதுக்குன்னு கேட்டா, பியூச்சர்ல யூஸ் ஆவும்னாங்க."

லோன் கிடைக்கவில்லை. அந்தத் தாளுக்கும் லோனுக்கும் சம்பந்தமே இல்லை என்பதை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு மைக்ரோ பைனான்ஸ் குழுவில் வாரத் தவணை நிலுவை வைத்திருக்கிறாள். சிபில் மதிப்பெண் பாதாளத்தில் கிடக்கிறது. கணினி அவளைப் பார்த்து 'இல்லை' என்றது. நானும் 'இல்லை' என்றேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதன் அவமானம் என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்தத் தாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வேலையின் எதிர்காலம், புத்தாக்கம், திறன் மேம்பாடு என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். நமது மாணவத் தோழர்களும் அதே சொற்களில் பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சொற்கள் சேரிக்குள் வரும்போது என்னவாக மாறுகின்றன என்று நாமே பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

அந்தச் சான்றிதழுக்கு 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று பெயர். 2015-இல் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமர் கௌசல் விகாஸ் திட்டத்தின் ஒரு பகுதி. பள்ளிக்கூடம் போகாமல் வேலையிலேயே தொழில் கற்ற கொத்தனார், தச்சர், எலக்ட்ரீசியன் போன்றவர்களைச் சோதித்துச் சான்று தருவது. கொத்தனாருக்கு அது உதவும். துபாய்க்கு விமானம் ஏறுகிறவனிடம் காட்ட ஒரு தாள் இருக்கும். நாளைக்கு மேஸ்திரி ஆகலாம், கான்டிராக்ட் எடுக்கலாம்.

அதே அச்சில் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒன்று அடித்துக் கொடுக்கிறார்கள். என் தங்கை அதைக் காட்டி எங்கே ஏறுவாள்? அந்த ஏணிக்கு ஒரே ஒரு படிதான். அவள் ஏற்கெனவே அதில்தான் நிற்கிறாள். அவள் அம்மாவும் அதில்தான் நின்றாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவளிடம் புதிய தொழில்நுட்பமும் வந்திருக்கிறது. காலையில் முகத்தைப் போனில் காட்டினால்தான் வருகைப் பதிவு. போன வருசம்வரை அனகாபுத்தூரில் ஆற்றோரம் இருந்தாள். 2025 மே மாதம் அடையாற்றங்கரை வீடுகளை இடித்தார்கள், பெரும்பாக்கம் அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது ஆறு மணிப் பதிவுக்கு நாலு மணிக்கு எழுந்து பஸ் பிடிக்கிறாள். பத்து நிமிடம் தாமதமானால் செயலி அரைநாள் கூலியைக் கழித்துவிடும். துடைப்பம் மட்டும் அதே துடைப்பம். குச்சி தேய்ந்தால் அவள் காசில் வாங்குகிறாள். கையுறை வருசத்துக்கு ஒன்று, அதுவும் ஆம்பளை சைஸ்.

புத்தாக்கம் நம்ம சனங்களிடம் வந்து சேரும் வழி இதுதான். வேலை மாறுவதில்லை. வேலை வாங்குகிறவனின் கண் மட்டும் கூர்மையாகிறது.

*

என் அப்பா நாகல்கேணியில் தோல் ஷெட்டில் வேலை செய்தவர். அவர் கைவிரல் நகங்களைச் சுண்ணாம்பு தின்றிருந்தது. ஊறல் தொட்டியிலிருந்து எடுத்த ஈரத்தோலைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். "இன்னும் ஒரு நாள் ஊறணும்" என்பார். தோலைத் தடவிப் பார்த்தே இது உண்ணி கடித்த இடம், இது வேலி முள் கீறினது, இது ஏரில் பூட்டின மாடு, கழுத்துப் பக்கம் தடித்திருக்கும் என்று பிரிப்பார். ஷெட் முதலாளியின் பையன் தோல் தொழில்நுட்பம் படித்துப் பட்டம் வாங்கி வந்தான். சரக்குக் கெட்டுப்போனால் அவன் அப்பாவைத்தான் கூப்பிட்டுக் கேட்பான். ஆனால் சம்பளப் பதிவேட்டில் அப்பாவின் பெயருக்கு நேரே, வேலையை விட்டு நிற்கும்வரை, 'அன்ஸ்கில்டு' என்றுதான் இருந்தது.

திறன் என்பது கையில் இருப்பது என்று நாம் நினைக்கிறோம். இல்லை தோழர்களே. திறன் என்பது பதிவேட்டில் இருப்பது. பதிவேடு யார் கையில் இருக்கிறதோ அவன்தான் எது திறன், எது வெறும் கூலி என்று தீர்மானிக்கிறான்.

இது இன்றைய கதையும் இல்லை. 1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடுவதை அரசுச் செலவில் சோதித்துப் பார்த்தார். அதுவரை ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் நாள்கணக்கில் ஊறிய தோல், ரசாயனத்தில் சீக்கிரமே பதமானது. 1912-இல் பல்லாவரத்தில் குரோம் லெதர் கம்பெனி வந்தது. குரோம்பேட்டை என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். அரசு புத்தாக்கக் கொள்கை என்று இன்று சொல்வதற்கு நூறு வருசத்துக்கு முந்திய உதாரணம் நம் தெருவிலேயே இருக்கிறது. அரசு பணம் போட்டது, விஞ்ஞானம் வந்தது, கம்பெனி வந்தது, ஏற்றுமதி வந்தது. 1948-இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தது. தோலைத் தொட்டால் தீட்டு என்றிருந்த சாதிகள் அங்கே டாக்டர் பட்டம் வாங்கி விஞ்ஞானிகள் ஆனார்கள். தீட்டு தோலில் இல்லை, தொடுகிறவனின் சாதியில்தான் இருந்தது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

தொழில் மாறியது; தொட்டிக்குள் இறங்குகிறவன் மாறவில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தோல் ஆலைக் கழிவு பற்றித் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கழிவுக்குள் முழங்கால்வரை நின்றவர்களின் நுரையீரலைப் பற்றி நம் பக்கத்தில் எந்தக் கணக்கும் எடுக்கவில்லை. அப்பா இருமிக்கொண்டேதான் போனார்.

*

இப்போது மாணவர்கள் கேட்பார்கள்: குலக்கல்வியைத்தான் ஒழித்துவிட்டோமே, இன்னும் என்ன?

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் கொஞ்சம் சேரியிலிருந்து பாருங்கள். பள்ளிக்கூடம் பாதி நாள்; மீதி நாள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். கிராமப்புறப் பள்ளிகளில்தான் நடைமுறை. பொதுவாக இதை எதிர்த்தவர்கள் 'வண்ணான் மகன் வண்ணானா, நாவிதன் மகன் நாவிதனா' என்று கேட்டார்கள். சரியான கேள்வி. ஆனால் சேரிப் பிள்ளைக்கு அந்த மீதி அரை நாளில் கற்க என்ன இருந்தது? செத்த மாடு தூக்குவதா? சாவுச் சேதி சொல்லப் போவதா? ஆண்டை வீட்டுத் தொழுவத்தில் சாணி வழிப்பதா? பெரியாரும் திராவிட இயக்கமும் நடத்திய கிளர்ச்சியில் ராஜாஜி 1954-இல் பதவி விலகினார், காமராசர் வந்ததும் திட்டம் போனது. அந்த வெற்றியில் நமக்கும் பங்கு உண்டு. என்னைப்போல ஒருத்தன் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எழுபது வருசம் கழித்து, 2023 செப்டம்பர் 17 அன்று, ஒன்றிய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 13,000 கோடி ரூபாய். 18 தொழில்கள்: தச்சு, கொல்லு, குயவு, சிற்பம், செருப்பு, சலவை, முடிதிருத்தம், கூடை, துடைப்பம் என்று போகிறது பட்டியல். பயிற்சிக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000, முதலில் ஒரு லட்சம் பிறகு இரண்டு லட்சம் என்று 5 சதவீத வட்டியில் கடன். கொடுப்பதைக் குறை சொல்ல மாட்டேன். நிபந்தனைதான் விசம். தொழில் குடும்பவழித் தொழிலாக இருக்க வேண்டும். வயது 18 நிறைந்தால் போதும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும் பையனிடம் 'வா, உங்கப்பன் தொழிலுக்கு நான் காசு தரேன்' என்று கூப்பிடுகிற திட்டம் இது. ராஜாஜி பள்ளிக்கூடத்துக்குள் கைவைத்தார். இவர்கள் பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கிறார்கள்.

தமிழ்நாடு அரசு 2024 ஜனவரியில் மூன்று திருத்தம் கேட்டது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடு, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கு, சரிபார்ப்பைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடு. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. 2024 நவம்பரில், இந்த வடிவில் இத்திட்டத்தை நடத்த மாட்டோம் என்று மாநிலம் கடிதம் எழுதியது. அந்தக் கடிதம் போன ஒன்றிய அமைச்சர் ஜிதன்ராம் மாஞ்சி, முசாகர் சமூகத்தவர். நம்ம ஆளை உட்கார வைத்து நம்ம தலையில் எழுதுகிற வித்தை டெல்லிக்குப் பழக்கம்தான்.

பதிலுக்கு மாநில அரசு கலைஞர் கைவினைத் திட்டத்தை அறிவித்தது. 2025 ஏப்ரலில் எங்கள் பக்கத்துக் குன்றத்தூரில் தொடங்கி வைத்தார்கள். 25 தொழில்கள், சாதி கேட்காது, குடும்பம் கேட்காது, 35 வயதுக்கு மேல், 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம் மானியம். இந்த வித்தியாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 18 வயதுக்கும் 35 வயதுக்கும் நடுவில் இருக்கிற பதினேழு வருசம் ஒரு மனிதனின் படிப்பு, வேலை, தப்பித்தல் எல்லாம். அந்தப் பதினேழு வருசத்தைக் காப்பாற்றியது பெரிய விசயம்.

ஆனால் என் தங்கையின் தாளை இரண்டு பட்டியலோடும் வைத்துப் பாருங்கள். பதினெட்டிலும் அவள் வேலை இல்லை, இருபத்தைந்திலும் இல்லை. துடைப்பம் கட்டுவது கைவினை. அந்தத் துடைப்பத்தால் பெருக்குவது எதுவும் இல்லை. தெருப் பெருக்குவதைக் குலத்தொழில் என்று எந்த அரசாணையும் எழுதவில்லை. எழுதாமலே அது குலத்தொழிலாக நடக்கிறது. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் கழிவுநீர்க் குழாய், மலக்குழித் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தார்கள். 2024-இல் வெளியான கணக்கின்படி 29 மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களில் பதிவான சுமார் 38,000 பேரில் 68.9 சதவீதம் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 சதவீதம். சட்டத்தில் சாதி இல்லை, சாக்கடையில் இருக்கிறது.

*

சரி, இயந்திரம் வந்தால் தீர்ந்துவிடாதா? நானும் அப்படி நம்புகிறவன்தான். இயந்திரத்தை எதிர்க்கிற தொழிற்சங்கப் பழக்கம் மலக்குழிக்குப் பொருந்தாது. அந்த வேலை எங்களிடமிருந்து பறிபோனால் நான் இனிப்பு வாங்கித் தருவேன்.

2018-இல் கேரள இளைஞர்களின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் பாண்டிகூட் என்ற ரோபோவைத் திருவனந்தபுரத்தில் சாக்கடைக் குழிக்குள் இறக்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் மலக்குழிகளுக்காக ஹோமோசெப் என்ற கருவியைச் செய்தார்கள். ஆக, கருவி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். 2014-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. 1993-க்குப் பிந்திய சாவுக் கணக்கில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. சமூகநீதி மண் என்கிறோம்.

நிலவுக்குக் கலம் அனுப்பும் நாட்டில் குழிக்கு ரோபோ அனுப்பத் தாமதமாவது விஞ்ஞானத்தின் குறையா? ஆள் மலிவாகக் கிடைக்கிறான், அவ்வளவுதான். முடிச்சூரிலோ சேலையூரிலோ ஒரு வீட்டுக்காரன் மலக்குழி நிறைந்தால் இருநூறு அடி குழாய் போட்ட லாரியைக் கூப்பிடுகிறான். அடியில் கட்டிப்போன கசடு வரவில்லை என்றால் கூட வந்த பையனுக்கு ஐந்நூறு ரூபாய், ஒரு குவார்ட்டர். எந்த ரோபோவும் அந்த விலைக்கு வராது. சாதி இருக்கும்வரை இயந்திரம் விலை போகாது. புத்தாக்கக் கொள்கை எழுதுகிறவர்கள் இந்தப் பொருளாதாரத்தை முதலில் படிக்க வேண்டும்.

2024 மார்ச்சில் சென்னைக் குடிநீர் வாரியப் பணிக்காக, அண்ணல் அம்பேத்கர் பெயரிலான தொழில்முனைவோர் திட்டத்தின் கீழ் 213 நவீன கழிவுநீர் வாகனங்களைத் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு கொடுத்தது. குழிக்குள் இறங்கினவன் வண்டிக்குச் சொந்தக்காரன் ஆவது சின்ன விசயமில்லை. வரவேற்கிறேன். ஆனால் பேங்குக்காரனாக ஒரு கேள்வியும் கேட்பேன். கடன் பத்திரத்தில் யார் கையெழுத்து, வசூல் யார் கணக்கில்? எங்கள் மேசையில் இதைத் தினமும் பார்க்கிறோம். கையெழுத்து சேரியில் இருக்கும், காசோலைப் புத்தகம் ஊரில் இருக்கும். தொழில் நொடித்தால் மட்டும் நோட்டீஸ் சரியான விலாசத்துக்குப் போகும்.

*

இனி நம்ம இயக்கங்களுக்குள் நடக்கும் வாதத்துக்கு வருகிறேன். இதைத் தட்டிக்கழித்துவிட்டு மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

2025 ஆகஸ்ட் 1 முதல் 13 வரை சென்னை ரிப்பன் கட்டடத்தின் முன்னால் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுத் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். இரண்டு மண்டலங்களையும் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்தார்கள். கையில் வாங்கிக்கொண்டிருந்த சுமார் 23,000 ரூபாய் 17,000 அளவுக்கு இறங்கும் என்றார்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை கூடி ஆறு நலத்திட்டங்களை அறிவித்தது. இலவசக் காலை உணவு, காப்பீடு, பிள்ளைகளுக்கு உதவித்தொகை, வீடு, குடும்பத்தார் சுயதொழில் தொடங்க மூன்றரை லட்சம் வரை மானியத்தோடு கடன். கேட்டது வேலை, கிடைத்தது இட்லியும் லோனும்.

சில நாட்களில் விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் தோழர் திருமாவளவன் பேசினார். பணி நிரந்தரம் என்ற கோரிக்கை அவர்களை அந்தத் தொழிலிலேயே நிரந்தரமாக்கிவிடும், அதிலிருந்து மீட்பதுதான் நம் வேலை என்ற பொருளில். கடும் எதிர்ப்பு வந்தது. சமூக ஊடகத்தில் வசையும் வந்தது. வசை பாடியவர்களில் பலர் ஒருநாளும் துடைப்பத்தைத் தொடாதவர்கள், அவர்களை விடுங்கள். அவர் சொன்னதில் ஒரு பாதி அம்பேத்கரியம்தான். சாதி வேலையை மட்டும் பங்கிடவில்லை, வேலை செய்கிறவனையே படிபடியாக அடுக்கி வைத்தது என்று 1936-லேயே அண்ணல் காட்டியிருக்கிறார். செத்த மாட்டைத் தூக்காதே என்று சொன்னவரும் அவர்தான். நம்ம கடைசி லட்சியம் சம்பள உயர்வல்ல, வெளியேற்றம்.

ஆனால் வெளியேறுவது எப்படி? என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன்.

அம்மா தென்புறநகர் நகராட்சி ஒன்றில் துப்புரவுப் பணியாளர். நான் பிறந்த கொஞ்ச காலத்தில் நிரந்தரமானாள். கொடுமையான வேலைதான். மழைக்காலத்தில் கால் விரலிடுக்கு வெந்து வெள்ளையாகக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் 'உங்கம்மா என்ன பண்றாங்க' என்று கேட்டால் 'முனிசிபாலிட்டில வேலை' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். ஆனால் ஒன்றாம் தேதி சம்பளம். சேமநல நிதி. ஊதியக் குழு வந்தால் அவளுக்கும் ஏறும். நான் பி.காம். சேரும்போது சேமநல நிதியில் முன்பணம் எடுத்தாள். வங்கித் தேர்வுக்கு இரண்டு வருசம் நான் வீட்டில் உட்கார்ந்து படித்தேன், யாரும் என்னைக் கூலிக்குப் போகச் சொல்லவில்லை. இரண்டு வருசம் வேலைக்குப் போகாமல் படிக்க முடிவதுதான் சாதி இந்து வீட்டில் 'திறமை' எனப்படுகிறது. அதை எனக்கு வாங்கித் தந்தது அம்மாவின் நிரந்தரப் பணி. ஓய்வூதியம் இன்றைக்கும் வருகிறது. என் கவுண்டரில்தான் வாங்குகிறாள்.

அதே தெருக்களை என் தங்கை ஒரு கம்பெனியின் ஒப்பந்தக் கூலியாகப் பெருக்குகிறாள். அவள் மகன் கல்லூரி இரண்டாம் வருசத்தில் நின்றுவிட்டான். வேளச்சேரிப் பக்கம் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவன் துடைப்பத்திலிருந்து வெளியேறிவிட்டானா? ஆம். எங்கே போனான்? முதலாளி யார் என்றே தெரியாத, நட்சத்திரம் போட்டு மனிதனை அளக்கிற இன்னொரு கூலிக்கு.

ஆக, நிரந்தரமா வெளியேற்றமா என்ற கேள்வியே பொய்க்கேள்வி. தாய்க்கு நிரந்தரம் இருந்தால் மகனுக்கு வெளியேற்றம். தாய்க்கு ஒப்பந்தம் என்றால் மகனுக்கும் ஒப்பந்தம், சட்டை நிறம் மட்டும் வேறு. தோழர் திருமாவுக்கு என் பணிவான பதில் இதுதான்: இன்று அந்த வேலையில் இருப்பவர்களை நிரந்தரமாக்குங்கள், அந்த வேலை அடுத்த தலைமுறைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கோரிக்கை.

*

ஒப்பந்தமயம் என்பது கூலிப் பிரச்சினை மட்டுமில்லை. அது இடஒதுக்கீட்டை ஓசையில்லாமல் கொல்கிற முறை. அரசுப் பணி என்றால் தமிழ்நாட்டில் பட்டியல் சாதிக்கு 18 சதவீதம். அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3. ஏஜென்சிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. நான் சேரும்போது எங்கள் கிளையில் இரண்டு கடைநிலை ஊழியர்கள் இருந்தார்கள், இருவரும் நம்ம ஆட்கள், ஒருவர் பிறகு தேர்வெழுதிக் கிளார்க் ஆனார். இன்று பெருக்க வரும் அக்காவும், வாசலில் நிற்கும் காவலாளியும், ஏ.டி.எம்.மில் பணம் போடுகிறவரும் ஏஜென்சி ஆட்கள். அவர்களுக்குத் தேர்வும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. 2022-இல் மாநகராட்சிகளுக்கு வந்த அரசாணை 152-ஐத் துப்புரவுத் தொழிலாளர் சங்கங்கள் எதிர்த்ததும் இதற்காகத்தான். தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆனது. 2022-இல் நம்ம பெண் ஒருத்தர் மேயர் ஆனார். நாற்காலிக்கு இடஒதுக்கீடு உண்டு, துடைப்பத்துக்குப் பணிப்பாதுகாப்பு கிடையாது.

இன்னொரு பக்கம், 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் நம் பிள்ளைகள் கணினி, ஆங்கிலம், போட்டித் தேர்வு என்று படிக்கிறார்கள். நல்லது. ஆனால் பயிற்சி முடித்தவனில் யார் சோழிங்கநல்லூர்க் கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடிக்குப் போனான், யார் அதே கட்டடத்தின் கழிவறைக்குப் போனான் என்று சாதிவாரியாகக் கணக்கு வெளியிட வேண்டும். கண்ணகி நகரிலிருந்து அந்தக் கட்டடங்களுக்கு நடந்தே போகலாம். நம்ம பெண்கள் நடந்துதான் போகிறார்கள், ஹவுஸ்கீப்பிங் சீருடையில்.

திறன் இருந்தால் வேலை நிலைக்கும் என்பதும் பாதிப் பொய். திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006-இல் வந்தது, 2014-இல் மூடியது. ஆயிரக்கணக்கான பெண்கள் கைப்பேசி பூட்டும் திறனோடு வீட்டுக்குப் போனார்கள். மறைமலைநகர் ஃபோர்டு 2021-இல் வெளியேற்றத்தை அறிவித்து 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. மறுபடி வருவதாக 2024-இல் சொன்னது. கம்பெனி போகலாம், வரலாம். அதற்கு நிலம் கொடுத்த செங்கல்பட்டு மாவட்டம் இதுதான். 1891-இல் பஞ்சமி நிலத்துக்குக் காரணமான அறிக்கையை டிரெமென்ஹீர் எழுதியதும், அந்த நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் 1994-இல் துப்பாக்கிச் சூட்டில் செத்ததும் இதே மாவட்டம். நிலம் இல்லாதவனுக்குத்தான் திறன் மட்டுமே சொத்து என்று உபதேசம் செய்கிறார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து கிளார்க் வேலை, கோடு எழுதும் வேலை எல்லாம் போகும் என்று நடுத்தர வர்க்கம் பயப்படுகிறது. நாளை வேலை இருக்குமா தெரியாது, முதலாளி யாரென்று தெரியாது, கூலி அன்றன்றைக்கு, உரிமை இல்லை, சங்கம் இல்லை என்கிறார்கள். வேலையின் எதிர்காலம் என்று அவர்கள் நடுங்குவது நம் சேரியின் பழைய வாழ்க்கை. அதில் எங்களுக்கு முன்கற்றல் உண்டு. அதற்கு வேண்டுமானால் சான்றிதழ் கொடுக்கட்டும்.

*

நான் கேட்பவை இவை. மாணவத் தோழர்கள் இதில் கூட்டலாம், குறைக்கலாம், திட்டலாம்.

ஒன்று: இன்று துப்புரவுப் பணியில் இருக்கும் எல்லோருக்கும், எந்தக் கம்பெனியின் சட்டை போட்டிருந்தாலும், உள்ளாட்சியில் நிரந்தரப் பணி.

இரண்டு: அவர்கள் பிள்ளைகளுக்கு மூன்று மாதப் பயிற்சி வேண்டாம். பட்டம் முடியும்வரையும், அதற்குப் பிறகு தேர்வுக்குப் படிக்கும் இரண்டு வருசமும் மாதாந்திர உதவித்தொகை. சாதி இந்து வீடு தன் பிள்ளைக்குத் தருவதை அரசு இந்தப் பிள்ளைக்குத் தரட்டும்.

மூன்று: துப்புரவுக்கு முன்கற்றல் சான்றிதழ் தருவதை நிறுத்த வேண்டும். பத்து வருசம் பெருக்கியவருக்கு வாகன ஓட்டுநராக, இயந்திரம் இயக்குபவராக, மேற்பார்வையாளராக மேலே போகும் பயிற்சியும் பதவியும் வேண்டும்.

நான்கு: அரசு நிலம், அரசு மானியம், அரசு ஒப்பந்தம் பெறும் ஒவ்வொரு கம்பெனியிலும், ஏஜென்சியிலும் இடஒதுக்கீடு. யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்ற சாதிவாரிக் கணக்கு வருசாவருசம்.

ஐந்து: மலக்குழிக்கு ஆள் இறக்கினால் வீட்டுக்காரன் முதல் ஆணையர்வரை வழக்கு. அப்போதுதான் ரோபோ மலிவாகத் தெரியும்.

நமக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. பட்டம் வாங்கி மேலே வந்த என்னைப் போன்றவர்கள் துப்புரவுத் தொழிலாளர் போராட்டம் என்றால் 'அது அவங்க பிரச்சினை' என்று நகர்கிறோம். 'அவங்க' என்பதில் உள்சாதிப் பெருமையும் ஒளிந்திருக்கிறது. ரிப்பன் கட்டடத்தின் முன்னால் பதின்மூன்று நாளில் நான் ஒரே ஒரு மாலைதான் போனேன், அதுவும் பேங்க் பையை மடக்கி உள்ளே வைத்துக்கொண்டு. இதை எழுதும்போது அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தங்கை திரும்ப வாங்கிப் போகவில்லை. "உங்கிட்டயே இருக்கட்டும்ணா, மழைல எங்க வீட்ல ஒழுகுது" என்றாள். கல்லூரியை விட்ட மகனை மறுபடி சேர்க்க என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். வர்ற ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கம் போகிறேன்.